பழைய கொலு பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டித் தரும் பட்டறை: ஒரு புரட்டாசி அனுபவம்

அம்மா காலமானது 2024-ஆம் ஆண்டின் கோடையில். அந்தப் புரட்டாசியில் எங்கள் வீட்டில் கொலு வைக்கவில்லை. வருஷாப்திகம் என்னும் முதலாண்டு திதி முடிந்து வந்த முதல் நவராத்திரிக்காக, 2025 ஆடி மாதக் கடைசியில் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் திறந்தபோது, இரண்டு மழைக்காலம் அது கவனிப்பாரின்றிக் கிடந்தது நன்றாகவே தெரிந்தது. வெண்ணெய்க் கிருஷ்ணனின் வலது கை முழங்கைக்குக் கீழே உடைந்து, கையிலிருந்த வெண்ணெய் உருண்டையோடு பழைய வேட்டித் துணிக்குள் தனியே கிடந்தது. தசாவதாரத்தில் ஏழு உருவங்களுக்கு வர்ணம் செதில் செதிலாக உரிந்திருந்தது. செட்டியாரின் தொந்தியில் ஒரு விரிசல். மரப்பாச்சித் தம்பதி மட்டும் வழக்கம்போல எதுவும் ஆகாமல் இருந்தார்கள். செம்மரத்துக்கு ஈரம் ஒரு பொருட்டில்லை.

புதிதாக ஒரு தசாவதார செட் வாங்கிவிடலாம் என்று அண்ணன் சொன்னார். மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் விசாரித்தபோது, காகிதக்கூழில் செய்த நடுத்தர அளவு செட்டுக்கு 2,800 ரூபாய் சொன்னார்கள். விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது எங்கள் வீட்டுப் படியில் உட்கார வேண்டிய தசாவதாரமாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே, தெரிந்தவர் ஒருவர் சொன்ன காஞ்சிபுரத்துப் பட்டறைக்குப் பொம்மைகளை எடுத்துச் சென்றோம். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன் என்பதாலும், ஆண்டு முழுவதற்குமான பிழைப்பில் பெரும்பகுதி அவர்களுக்கு இந்த இரண்டு மாதத்தில்தான் என்பதாலும், பெயரைச் சொல்லி ஒரு குடும்பத்தைச் சங்கடப்படுத்த விருப்பமில்லை. பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு இருக்கும் ஊரில் இப்படிப்பட்ட பட்டறைகள் பலவுண்டு. எதற்குப் போனாலும் கீழே சொல்பவை உதவக்கூடும்.

நாங்கள் கொடுத்தவை மொத்தம் 14 உருவங்கள். தசாவதாரத்துக்கு உருவம் ஒன்றுக்கு 180 ரூபாய், செட்டியார் தம்பதிக்கு 700, கை ஒட்ட வேண்டிய கிருஷ்ணனுக்கு 450, ஆண்டாளுக்கு 350 என மொத்தம் 3,300 ரூபாய் ஆயிற்று. முன்பணமாக 1,500 ரூபாய் கொடுத்து, செப்டம்பர் 14-ஆம் தேதி தருவதாகச் சொல்லி எழுதிய சீட்டை வாங்கி வந்தோம். பெரியவர் ஒவ்வொரு பொம்மையையும் எடுத்து, விரல் கணுவால் மெல்லத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். உள்ளே விரிசல் இருந்தால் ஓசை அடைத்துக்கொள்ளுமாம். நரசிம்மரைத் தட்டிவிட்டு, "இதுக்கு வயசாச்சும்மா, ஆனா சூளையில நல்லா வெந்த மண்ணு" என்றார்.

உடைந்ததைச் சேர்க்கும் வேலையில் இவர்களை விஞ்ச ஆளில்லை என்றே சொல்வேன். கிருஷ்ணனின் கைக்குள் மெல்லிய கம்பி செருகி, எம்-சீல் வைத்து ஒட்டி, மேலே காகிதக்கூழும் சுண்ணாம்புத்தூளும் பசையும் கலந்த விழுதைப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு இழைத்திருக்கிறார்கள். இப்போது நகத்தால் தடவிப் பார்த்தாலும் ஒட்டு எங்கே என்று சொல்ல முடியவில்லை. வாமனரின் மண்குடை நாங்கள் சிறுவர்களாக இருந்தபோதே உடைந்துபோயிற்று. யாருடைய பிறந்தநாள் கேக்கிலோ செருகியிருந்த ஒரு காகிதக் குடையைத்தான் அம்மா அவர் கையில் பொருத்தியிருந்தார். பட்டறையில் கம்பி வைத்துப் புதுக் குடை செய்து, பழைய காகிதக் குடையைக் குப்பையில் போடாமல் சிறு பொட்டலமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். நாங்கள் அதைக் கேட்கவில்லை. பொம்மைகளின் அடிப்பாகத்தில் வாங்கிய ஆண்டையும் ஊரையும் பென்சிலால் எழுதிவைப்பது அம்மாவின் பழக்கம். அந்த எழுத்துகளின் மேல் டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு, சுற்றிலும் மட்டும் வர்ணம் பூசியிருந்தார்கள். ‘காஞ்சி 1978’ என்பது செட்டியாரின் அடியில் அப்படியே இருக்கிறது.

இத்தனை கவனம் உள்ளவர்கள் முகத்தில் கோட்டை விட்டதுதான் என் முதல் குறை. பட்டறை வழக்கில் இருவகை வேலை உண்டு: உரிந்த இடத்தை மட்டும் சரிசெய்வது ‘டச்சப்’, முழுவதும் சுரண்டி, வெள்ளை பூசி, உடல் நிறம், ஆடை, பொன் வேலை என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, கடைசியில் கண் திறப்பது ‘ஃபுல் பெயின்ட்’. செட்டியார் அம்மாளுக்கு டச்சப் போதும் என்று நான் வாயால் சொன்னேன். சீட்டில் யாரும் எழுதவில்லை. திரும்பி வந்த அம்மாளுக்குப் பளபளப்பான ரோஜா நிறமும் வில்லாக வளைந்த புருவமும் வந்திருந்தன. மூக்குத்தியைக் காணோம். அது பொம்மையோடு வந்த மூக்குத்தி இல்லை. நிறம் போன இடத்தில் அம்மா ஒரு நவராத்திரிக்கு முன்னால் தன் நகப்பூச்சுப் புட்டியின் தூரிகையால் வைத்த சிவப்புப் புள்ளி. உப்புத்தாளுக்கு அது தெரியாது. பெரியவரிடம் சொன்னபோது மிகவும் வருந்தி, உடனே தூரிகையை எடுத்து வைத்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிருஷ்ணனின் கருநீலமும் வெளிர்நீலமாகிவிட்டது. பழைய பொம்மைகளில் தூள்வண்ணத்தைப் பசையில் குழைத்துப் பூசிய மங்கல் நிறம், இன்றைய ஸ்பிரே கன் பூச்சில் வருவதில்லை. புதுப்பொம்மை போல வேண்டும் என்பவர்களுக்கு இது குறையாகவே படாது.

இரண்டாவது குறை தாமதம். 14-ஆம் தேதி தருவதாகச் சொன்னது 20-ஆம் தேதி மாலையில்தான் கிடைத்தது, அதுவும் ஆண்டாள் இல்லாமல். காரணம் மழை. புரட்டாசியில் வடதமிழ்நாட்டில் பிற்பகல் வரை வெயில் காய்ந்து, மாலையில் இடியோடு கொட்டித் தீர்க்கும். வெள்ளைப்பூச்சும் வார்னிஷும் காய்வதற்கு இதைவிட மோசமான பருவம் இல்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் கெடு ஒன்றேதான். மகாளய பட்சம் முடிந்து அமாவாசை வரும்போது பொம்மைகள் வீட்டில் இருக்க வேண்டும். சந்திரனை வைத்து மாதம் எண்ணும் சாந்திரமானக் கணக்கில் வர்ஷ ருது அந்த அமாவாசையோடு முடிந்து, மறுநாள் பிரதமையில் சரத் ருது பிறக்கிறது. சூரியனை வைத்து எண்ணும் நம் சௌரமானக் கணக்கிலோ புரட்டாசி முழுவதும் கார்காலம், ஐப்பசியில்தான் கூதிர். எந்தக் கணக்கில் பார்த்தாலும் பருவம் புரளும் வாசலில்தான் இந்தப் பட்டறைகளின் வேலை முழுவதும் வந்து குவிகிறது. 2025-இல் பிரதமை வந்த செப்டம்பர் 22-ஆம் தேதிதான் பகலும் இரவும் சமமாகும் நாளும்கூட.

ஞாயிற்றுக்கிழமை அமாவாசையன்று காலையில் வாசலில் கோலம் போடவில்லை. அண்ணன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்து, வாழைக்காய்க் கறியும் பாசிப்பருப்புப் பாயசமும் வைத்து இலை போட்டுச் சாப்பிட்டு முடிக்கப் பிற்பகல் இரண்டு மணியாயிற்று. மாலையில் அதே கூடத்தில் ஐந்து படி கட்டினோம். அம்மா பெயரைச் சொல்லி எள் விட்ட கையாலேயே அண்ணன் அம்மாவின் பொம்மைகளைப் பிரித்து என்னிடம் நீட்டினார். மச்சாவதாரத்தைச் சுற்றியிருந்த நாளிதழ் வரவில்லை. வார்னிஷ் காயாமலே சுற்றியிருக்கிறார்கள். இழுத்தபோது தாளில் பாதி வந்தது. மீனின் முதுகில் தலைகீழாக ஒரு வரி விளம்பரம் ஒட்டிக்கொண்டது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தும் ‘வாடகைக்கு’ என்ற சொல் போகவில்லை. சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டோம்.

ஆண்டாள் ஆறாம் நாள் வந்து சேர்ந்தாள். ஆள் மூலம் அனுப்பினார்கள், பஸ் செலவுக்குப் பணம் நீட்டியும் வாங்கிக்கொள்ளவில்லை. அதுவரை அவளுக்காக விட்டிருந்த இடத்தில் அண்ணன் பேத்தி ஒரு பிளாஸ்டிக் டைனோசரை நிறுத்தியிருந்தாள். சுண்டல் வாங்க வந்த மாமிகள் யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மொத்தத்தில், உடைசல் உள்ள மண் பொம்மைகளை இந்தப் பட்டறையில் தயங்காமல் கொடுக்கலாம்; முகம் நன்றாக இருக்கும் பொம்மையைக் கொடுப்பதென்றால் இருமுறை யோசிக்க வேண்டும். கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, எதைத் தொடக்கூடாது என்பதைச் சீட்டில் அவர்கள் கையாலேயே எழுதச் செய்வது அவசியம். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு வழிகள் பல இருக்கின்றன: பூம்புகார் விற்பனை நிலையங்களில் ஆண்டுதோறும் கொலுக் கண்காட்சி நடக்கிறது, மதுரைக்கு அருகே விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் செய்பவர்களிடமே வாங்கலாம். பட்டறையின் முன்பக்க அலமாரியில் அத்திவரதர் சயனக் கோலம் பல அளவுகளில் இருந்தது. 2019-இல் 48 நாள் தரிசனம் முடிந்தது முதல் அதற்குத்தான் கேட்பு அதிகம் என்றார்கள். அழகாகவே இருந்தது, வாங்கவில்லை.

விஜயதசமி இரவில் மரப்பாச்சியைப் படுக்க வைத்து, மறுநாள் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். அடுத்து கல்யாண செட்டைக் கொடுக்க வேண்டும். ஆனியிலேயே கொண்டுவந்தால் வெயிலில் நன்றாகக் காய வைத்துத் தருவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். சீட்டில் எழுத வேண்டியதை இப்போதே ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேலாக வைத்திருக்கிறேன்: தவில்காரருக்குக் கை ஒட்ட வேண்டும், பந்தக்காலுக்குப் பச்சை நிறம், நாதஸ்வரக்காரருக்கு அண்ணன் எட்டு வயதில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்த மீசையைத் தொட வேண்டாம்.