பிங் போகும், ஃபைல் வராது: வீட்டுச் சேர்வரை அப்கிரேட் செய்த பிறகு

வீட்டில் படங்களையும் ஃபைல்களையும் வைத்திருக்கும் சேர்வரின் மென்பொருளை அப்கிரேட் செய்த புதிதில் எல்லாம் நன்றாகவே போனது. பிறகுதான் பெட்டி இரவில் உறையத் தொடங்கியது. அதுவும் முழுதாக நின்றுவிடுவதில்லை. லப்டொப்பில் இருந்து பிங் அடித்தால், அதாவது இருக்கிறாயா என்று நெட்வேர்க்கில் ஒரு சின்னச் செய்தி அனுப்பிக் கேட்டால், உடனே பதில் வரும், ஒன்றுகூடத் தவறாது. ஆனால் டிவியில் படம் ஓடாது, போனில் போட்டோ திறக்காது, சேர்வரின் வெப் பக்கம் வெறும் வெள்ளையாக நிற்கும். எஸ்எஸ்எச் வழியாக, அதாவது லப்டொப்பில் இருந்தே கட்டளை கொடுக்க, உள்ளே போகப் பார்த்தால் பாஸ்வேர்ட் கேட்கும், கொடுத்ததும் அப்படியே நின்றுவிடும். முகப்பில் டிஸ்க் விளக்கு மட்டும் இமைக்காமல் எரிந்துகொண்டிருக்கும். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள், யாரும் எதையும் வாசிக்கவில்லை, எழுதவில்லை. அப்படியிருக்க அந்த விளக்கு ஏன் எரிகிறது?

கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் நிற்பாட்ட வேண்டும். திரும்ப எழும்பிய பிறகு முந்திய ஓட்டத்தின் லொக்கை, நடந்ததையெல்லாம் பெட்டி எழுதிவைக்கும் பதிவை, திறந்து பார்த்தால் எரிச்சல்தான் மிச்சம். கடைசி வரி ஏதோ வழக்கமான வேலை முடிந்ததைச் சொல்லும். அடுத்த வரி காலையில் நான் பட்டனை அழுத்திய நேரம். நடுவில் சில மணித்தியாலங்கள் அப்படியே காணாமல் போயிருக்கும். பிழை என்று ஒரு வரி இல்லை, எச்சரிக்கை என்று ஒரு சொல் இல்லை. ஒரு இயந்திரம் பழுதாவதை நான் பொறுப்பேன். பழுதாகிறேன் என்று சொல்லாமல் பழுதாவதைப் பொறுக்க முடியவில்லை.

இந்தப் பெட்டியில் இருப்பது வெறும் படங்களும் பாட்டுகளும் என்றால் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன். 83 ஜூலையில் வெள்ளவத்தையில் வீட்டு ஆல்பங்களைப் பறிகொடுத்த குடும்பம் எங்களுடையது. பிறகு லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் உறவினர்களின் அலுமாரிகளில் கிடந்த பிரதிகளைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து சேர்த்தவை இதற்குள் இருக்கின்றன. அப்பாவின் அம்மாவுக்கு இருக்கும் ஒரே படம் இதில்தான் இருக்கிறது. வேறு இடத்திலும் பிரதி வைத்திருக்கிறேன், அது வேறு கதை. ஆனாலும் தாய்ப்பிரதி இருக்கும் பெட்டி இரவில் பேச்சுமூச்சில்லாமல் போனால் நித்திரை வராது.

வழக்கமான சோதனைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓடியது, ரேமில் பிழை இல்லை. டிஸ்க்குகள் தம் நலம் பற்றித் தாமே தரும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதானதால் மாற்றி ஒதுக்கிய செக்டர் பூச்சியம். சூடும் சாதாரணம்தான். கடற்கரைப் பக்கம் என்பதால் உப்புக்காற்றில் விசிறி துருப்பிடிப்பதுண்டு, அதையும் கழற்றிப் பார்த்தேன், நன்றாகவே சுழல்கிறது. பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர் திருத்தும் அண்ணை ஒருவர், "முதலில அடப்டரை மாத்திப் பாருங்கோ தம்பி, இங்க கரண்ட் ஏறி இறங்கிற வீச்சுக்கு அதுதான் முதலில போகும்" என்றார். அவர் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது, கொழும்பில் இப்படி நிற்கும் பெட்டிகளில் பலவற்றுக்கு அதுதான் காரணம். மாற்றினேன். அன்றிரவும் உறைந்தது.

பிங்குக்குப் பதில் சொல்வது கேர்னல், அதாவது இந்தப் பெட்டியை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதி. அதற்கு வேறு எந்தப் புரோகிராமின் உதவியும் தேவையில்லை. பாஸ்வேர்டைச் சரிபார்த்து உள்ளே விடுவதற்கோ புதிதாகப் புரோகிராம்களை எழுப்ப வேண்டும், அதற்கு ரேமில் இடம் வேண்டும். ஆகவே பிங் போய், லொகின் போகாமல், டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரேம் பற்றாக்குறையை. கேர்னலுக்கு இடம் போதாமல் போனால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பகுதிகளையே ரேமில் இருந்து தூக்கிவிடும். அடுத்த கணமே அவை தேவைப்படும், திரும்ப டிஸ்க்கில் இருந்து வாசிக்கும். வாசித்ததை வைக்க இன்னொன்றைத் தூக்கும். விளக்கு எரிவது இதனால்தான். ரேம் முழுக்கத் தீர்ந்துவிட்டால் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்று மற்றவற்றைக் காப்பாற்றும் ஏற்பாடு லினக்ஸில் உண்டு, கொன்றதை லொக்கிலும் எழுதும். ஆனால் தீர்ந்தும் தீராமலும் இழுபடும் நிலையில் அந்த ஏற்பாடு கிளம்பாமலே மணிக்கணக்காக நிற்கலாம். லொக் எழுதும் புரோகிராமும் அதே வரிசையில்தான் நிற்கிறது. அதனால்தான் வெற்று லொக்.

ஊகம் போதாது, சாட்சி வேண்டும். லினக்ஸ் 4.20 இல், அதாவது 2018 கடைசியில் இருந்து, கேர்னலுக்குள் ஒரு நல்ல வசதி இருக்கிறது. புரொக் அடைவில் பிரஷர் என்ற பிரிவுக்குள் மெமரி என்று ஒரு சின்னக் கோப்பு. இரண்டே வரி. 'சம்' என்று தொடங்கும் வரி, ஒரு வேலையாவது ரேமுக்காகக் காத்து நின்ற நேரம் எத்தனை வீதம் என்று சொல்லும். 'ஃபுல்' என்ற வரி, இருந்த வேலைகள் எல்லாமே ஒரேயடியாகக் காத்து நின்ற நேரத்தைச் சொல்லும். கடைசி 10 செக்கன், 60 செக்கன், 300 செக்கன் என்று மூன்று சராசரிகள் இருக்கும். அந்த இரண்டு வரியையும் சில செக்கன்களுக்கு ஒருமுறை வீட்டில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை என்ற சின்னக் கொம்பியூட்டருக்கு நெட்வேர்க் வழியாக அனுப்பும்படி ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதிவைத்தேன். சாகும் பெட்டியின் டிஸ்க்கில் சாட்சியை எழுதுவதில் பயனில்லை, வெளியே அனுப்ப வேண்டும்.

அடுத்த தடவை உறைந்தபோது ராஸ்பெரி பையில் எல்லாம் பதிந்திருந்தது. அன்று மாலை ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வந்திருந்தோம். எல்லோருடைய போன்களும் ஒரே நேரத்தில் படங்களை ஏற்றியிருக்கின்றன, சேர்வரில் ஓடும் படச் செயலி முகங்களைப் பிரித்து அடையாளம் காணத் தொடங்கியிருக்கிறது. அதுவரை பூச்சியத்தில் கிடந்த 'ஃபுல்' மெல்ல ஏறி, பிறகு தொண்ணூறைத் தாண்டி அங்கேயே நின்றது. கடைசியில் வரிகள் வருவதும் நின்றுவிட்டது. அதைப் பார்த்ததும் உண்மையில் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு நாளும் வாய் திறக்காமல் இருந்த பெட்டி முதல் தடவையாக எங்கே நோகிறது என்று சொல்லியிருந்தது.

சரி, பழைய பதிப்பில் இதே செயலி, இதே 8 ஜிபி ரேம், இதே கலியாணப் படங்கள். அப்போது ஏன் நிற்கவில்லை? இந்தப் பெட்டியில் டிஸ்க்குகளில் கோப்புகளை எழுதி வாசிப்பது இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. விடை அது வைத்திருக்கும் ஆர்க் என்ற கேஷில் இருக்கிறது. அடிக்கடி வாசிக்கும் கோப்புகளை ஆர்க் ரேமில் வைத்துக்கொள்ளும். லினக்ஸில் முன்பெல்லாம் அது ரேமில் பாதிக்கு மேல் போகாது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் கணக்கு வேறு: மொத்த ரேமில் 1 ஜிபி போக மிச்சம், அல்லது எட்டில் ஐந்து பங்கு, இரண்டில் எது பெரிதோ அது. இசட்எஃப்எஸின் புதிய பதிப்புகளில் லினக்ஸுக்கும் இந்தக் கணக்கையே கொண்டுவந்துவிட்டார்கள். என் பெட்டியில் 4 ஜிபியாக இருந்த எல்லை ஒரே அப்கிரேடில் 7 ஆகிவிட்டது. மற்றவர்கள் கேட்டால் ஆர்க் இடம் விட்டுக்கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஸ்வாப், அதாவது ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம், இல்லாத சின்னப் பெட்டியில் ஒரு செயலி சட்டென்று இரண்டு மூன்று ஜிபி கேட்டால், அந்த வேகத்துக்கு விட்டுக்கொடுக்காது.

ஆர்க்கின் உச்ச எல்லையை 3 ஜிபி என்று கையால் எழுதிவைத்தேன். இந்த அமைப்பு பைட் கணக்கில்தான் எடுக்கும்: 3221225472. அன்றிலிருந்து பெட்டி ஒரு தடவைகூட உறையவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு கலியாணம், ஒரு சாமத்தியச் சடங்கு எல்லாம் பார்த்துவிட்டது.

இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஃபைல் கொடுப்பதை மட்டும் செய்யும் 64 ஜிபி பெட்டியில் 32 ஜிபியைச் சும்மா போட்டுவைப்பதில் அர்த்தமில்லை. என் கோபம் இதையெல்லாம் பொதி செய்து, வீட்டுக்காரர்களுக்கு என்று கொடுத்த நிறுவனத்தின் மீது. பெயர் வேண்டாம். வெளியீட்டுக் குறிப்பில் முகப்புப் பக்கத்தின் புது நிறங்களுக்கு ஒரு பந்தி, ஐகன்களுக்கு ஒரு பந்தி. ரேம் எல்லை மாறியதற்கு அடியில் ஒற்றை வரி, அதிலும் 8 ஜிபிக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. அப்கிரேட் செய்யும்போது என் பெட்டியில் எத்தனை ஜிபி இருக்கிறது என்று அந்த மென்பொருளுக்குத் தெரியும். எந்தச் செயலிகள் ஓடுகின்றன என்றும் தெரியும், ஏனென்றால் அவற்றை அதன் பக்கத்தில் இருந்தே போட்டேன். "செயலிகளுக்கு இவ்வளவு ஒதுக்கட்டுமா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதற்குப் பதிலாக, ரேம் முழுக்க நிறைந்து மூச்சுமுட்டும்போதும் வெப் பக்கம் அதைப் பச்சை நிறத்தில் 'கேஷ்' என்று காட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒருவர் நம்பி வைக்கும் பொருளுக்கு இது போதாது, கொஞ்சமும் போதாது.

இனி நல்லதையும் சொல்ல வேண்டும், அது நிறையவே இருக்கிறது. இத்தனை தடவை பட்டனை அழுத்திக் கொன்றும் ஒரு ஃபைலுக்கும் எதுவும் ஆகவில்லை. இசட்எஃப்எஸ் ஏற்கெனவே இருக்கும் தரவின் மேல் எழுதாது, புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே பழையதை விடும். எழுதியவற்றை வழக்கமாக 5 செக்கனுக்கு ஒருமுறை தொகுத்து டிஸ்க்கில் இறக்குவதால், திடீரென்று நின்றால் போகக்கூடியது அந்தக் கடைசிச் சில செக்கன்கள்தான். தரவின் ஒவ்வொரு துண்டுக்கும், அது கெட்டதா என்று காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்புத் தொகை உண்டு. ஒவ்வொரு உறைவுக்குப் பிறகும் எல்லாத் துண்டுகளையும் வாசித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப்பை ஓட்டினேன், பிழை பூச்சியம். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தையும், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்ட நாளையும் இதே டிஸ்க்குகள் தாங்கின. அப்புறம், பழைய பதிப்பை அழிக்காமல் பக்கத்தில் வைத்திருக்கும் வசதி. ஒரு ரீபூட்டில் பழையதற்குப் போகலாம், இன்னொரு ரீபூட்டில் திரும்பி வரலாம். பழையதில் உறையவில்லை, புதியதில் உறைகிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்ததே அதனால்தான். புதிய கேர்னலில் வீடியோவை மாற்றிக் கொடுக்கும் வேலையைப் புரொசெசரின் கிராஃபிக்ஸ் பகுதியே எடுத்துக்கொள்கிறது. அக்காவின் கலியாணத்தை எடுத்த பழைய டேப்பின் பதிவு இப்போது டிவியில் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. அம்மா அதை அடிக்கடி போடச் சொல்கிறா.

இதையெல்லாம் கேட்டுவிட்டு தெஹிவளையில் இருக்கும் நண்பர், என்னைவிட இளையவர், வட்ஸ்அப்பில் கேட்டார்: "அப்ப எல்லாம் சரிதானே அண்ணை, நானும் ஏத்தட்டோ?" அவருடைய பெட்டியில் 16 ஜிபி. கணக்குப்படி அவருக்கு ஒரு பிரச்சினையும் வராது. நானும் பழையதற்குத் திரும்பப் போவதில்லை. இருந்தும் "இப்ப ஏத்தாதை தம்பி" என்றுதான் பதில் போட்டேன். என் பெட்டி நன்றாக ஓடுவது நான் எழுதிய ஒரு எண்ணால், அவர்கள் கொடுத்தபடியே அல்ல. அவர்கள் அதைத் திருத்தும்வரை இதை வாங்குங்கள், ஏற்றுங்கள் என்று யாருக்கும் சொல்ல மனம் வரவில்லை.

ஏற்கெனவே ஏற்றிவிட்டவர்களுக்கு ஒன்று. அப்கிரேட் முடிந்ததும் வெப் பக்கத்தில் மணி அடையாளம் காட்டி, உங்கள் பூலுக்கு (இசட்எஃப்எஸ் ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கும் டிஸ்க்குகளின் தொகுதிக்கு) புதிய வசதிகள் இருக்கின்றன, பூலையும் அப்கிரேட் செய்யுங்கள் என்று ஒரு அறிவிப்பு வரும். அதை உடனே அழுத்த வேண்டாம். அழுத்தி, அந்தப் புதிய வசதிகளும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டால் பழைய பதிப்பால் அந்த டிஸ்க்குகளைத் திறக்க முடியாமல் போகலாம், பின்னுக்குப் போகும் வழி அடைபட்டுவிடும். அழுத்தாமல் விட்டால் எதுவும் கெடாது, அறிவிப்பு மட்டும் கிடக்கும். என்னுடையதில் இன்னும் கிடக்கிறது. அடுத்த பதிப்பு வந்து அதில் ஒரு மழைக்காலம் முழுக்க ஓடிப் பார்க்கும்வரை அங்கேயே கிடக்கட்டும்.