டிராகன் துணை வேண்டுமென்றால்: டிரேக்கா, சூடோடிராகனா, நிஜக் குட்டியா?

ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்துக் கதை வளர்க்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்காருகிற யாருக்கும் ரொம்ப சீக்கிரமே வந்துவிடுகிற ஆசை, கூடவே ஒரு டிராகன் வேண்டும் என்பது. தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் கூடுகிற எங்கள் குழுவிலும் புதுக் கதை தொடங்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு எழும். ஐந்தாம் பதிப்பில் இதற்கு மூன்று வழிகள் உருப்படியானவை: ரேஞ்சர் என்ற காட்டு வீரர் வகைக் கதாபாத்திரத்துக்குக் கிடைக்கும் டிரேக் என்ற டிராகன் ஜந்து, சூடோடிராகன் என்ற குட்டி ஜந்து, அப்புறம் டிஎம் (கதையை நடத்துகிறவர்) நடத்துகிற நிஜ டிராகன் குட்டி. பெரும்பாலானவர்கள் எது அதிகமாக அடிக்கும் என்று பார்த்துத்தான் எடுக்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு. அந்த டிராகனுக்காக யார் பேசப்போகிறார்கள்? அது உங்களிடம் "முடியாது" என்று சொல்ல இடம் இருக்கிறதா? கதாபாத்திரமாக நடிக்கத்தான் டிராகன் வேண்டும் என்றால் இந்த இரண்டு கேள்விகளும்தான் முக்கியம்.

டிரேக்வார்டன் என்ற ரேஞ்சர் கிளை 2021-ல் ஃபிஸ்பன்ஸ் டிரெஷரி ஆஃப் டிராகன்ஸ் புத்தகத்தில் வந்தது. 3-ஆம் லெவலிலேயே (கதாபாத்திரம் வளர வளர ஏறும் படிதான் லெவல்) டிரேக் கிடைத்துவிடும். உங்கள் லெவலை ஐந்தால் பெருக்கி ஐந்து கூட்டினால் அதன் ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு), அதாவது 3-ஆம் லெவலில் 20, 10-ஆம் லெவலில் 55. 7-ஆம் லெவலில் இறக்கை முளைக்கும், மேலே ஏறி உட்காரலாம், ஆனால் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது அது பறக்காது, அதற்கு 15-ஆம் லெவல் வரவேண்டும். வானத்தில் சவாரி போகலாம் என்று நம்பி இதை எடுப்பவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் ஆடுகிற குழுவின் கதை பெரும்பாலும் அந்த லெவலுக்கு முன்பே முடிந்துவிடும்.

சண்டையில் டிரேக் அருமையான துணைதான். 11-ஆம் லெவலில் 30 அடிக் கூம்பில் 8 ஆறுபக்க டைஸ் அளவுக்கு அடி கொடுக்கும் மூச்சு வீசும். எல்லாவற்றையும் ஆட்டக்காரரே பார்த்துக்கொள்வதால் டிஎம்முக்குச் சுமை இல்லை. ஆனால் அவர் தன் முறையில் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷன் செலவழித்துக் கட்டளை போடாவிட்டால் அடி படாமல் விலகிக்கொள்வதைத் தவிர வேறு ஆக்‌ஷன் எதுவும் எடுக்காது. செத்தாலும் ஒரு ஸ்பெல் ஸ்லாட் (மந்திரம் போடக் கிடைக்கும் வாய்ப்பு) செலவழித்தால் திரும்ப வந்துவிடும். அதன் புத்தி 8, டிராகன் பாஷை மட்டும் தெரியும். எதிர்த்துப் பேசாத, இழக்கவும் முடியாத ஒன்றிடம் என்ன உறவு வளரும்? என் கண்ணில் டிரேக் ஒரு நல்ல ஆயுதம், பாத்திரம் இல்லை. 5-ஆம் நிலை மந்திரத்தால் அழைக்கிற டிராகன் ஆவியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, அது அதிகபட்சம் ஒரு மணி நேரம் நிற்கும், அவ்வளவுதான்.

சூடோடிராகன் விஷயம் வேறு. வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும், செம்பழுப்புச் செதில், வால் நுனியில் கொடுக்கு. பழைய (2014) விதிப்படி ஹிட் பாயிண்ட் வெறும் 7. கொடுக்கு பட்டவர் உடல் உறுதிச் சோதனையில் தோற்றால் ஒரு மணி நேரம் விஷத்தில் தவிப்பார், 5 அல்லது அதற்கு மேல் குறைவாகத் தோற்றால் மயங்கியே விழுவார். ஆனால் இதை எடுக்கக் காரணம் கொடுக்கு இல்லை, அதன் பேச்சு. வார்த்தை கிடையாது. எளிய எண்ணங்கள், உணர்ச்சிகள், படங்கள் ஆகியவற்றை 100 அடிக்குள் மனசுக்கு மனசு அனுப்பும். சத்தமும் உண்டு: சந்தோஷம் என்றால் கரகரத்த குறுகுறுப்பு, பிடிக்காதது திடீரென்று எதிரே வந்தால் சீறல், ஏதாவது வேண்டும் என்றால் குருவி போலக் கீச்சு, கோபம் என்றால் உறுமல். நடிக்கக் கூச்சப்படுகிறவருக்கு இதைவிட நல்ல வேஷம் கிடையாது. வசனம் யோசிக்க வேண்டாம், குரல் மாற்ற வேண்டாம், பேரம் பேசுகிற வியாபாரியைப் பார்த்து ஒரு சீறல் போதும், மேஜையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்கள் பக்கம் கேரம் காய்கள்தான் ஆட்களாக நிற்கும். சிவப்புக் காய் டிராகன். அந்தக் காயை ஒரு கட்டம் பின்னால் நகர்த்திவிட்டு உறுமினாலே அதற்குச் சம்மதம் இல்லை என்று புரிந்துவிடும்.

இதைப் பெறவும் இரண்டு வழி உண்டு, இங்கேதான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். வார்லாக் என்ற மந்திரவாதி வகை செய்துகொள்ளும் சங்கிலி ஒப்பந்தத்தில் (பழைய விதியில் 3-ஆம் லெவல், 2024 விதியில் முதல் லெவலிலேயே) வருவது அந்த உருவம் எடுத்த ஆவி. சொன்னதைக் கேட்கும். செத்தால் 10 தங்கக் காசு பெறுமான கரி, சாம்பிராணி, மூலிகை எரித்துத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். டிரேக்குக்கு நான் சொன்ன குறை இதற்கும் பொருந்தும். ஆனால் 2014 மான்ஸ்டர் மேனுவல் என்ற ஜந்துக்கள் புத்தகத்தில் டிஎம் விரும்பினால் சேர்க்கலாம் என்று இன்னொரு குறிப்பு இருக்கிறது. அதில் நிஜமான சூடோடிராகனே தன் விருப்பப்படி ஒரு மந்திரவாதியோடு சேர்கிறது. ஒரு மைல் தூரம் வரை அது உணர்வதை அவரும் உணரலாம், 10 அடிக்குள் இருந்தால் அதன் மந்திர எதிர்ப்புச் சக்தி அவருக்கும் கிடைக்கும். முக்கியமானது கடைசி வரி: எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் அது உங்களை விட்டுப் போகலாம். நான் தேடுவது இதைத்தான். போய்விடும் என்ற பயம் இருப்பதால்தான் ஆட்டக்காரர் கைதியை அடிக்கும் முன் தோளில் இருப்பதன் முகத்தைப் பார்க்கிறார்.

நிஜக் குட்டி என்றால் கடலோரக் கதைக்கு வெண்கல டிராகன்தான் என் தேர்வு. கடலை ஒட்டி வாழும், தண்ணீருக்குள்ளும் மூச்சு விடும், அநியாயத்தைப் பொறுக்காது. பழைய விதிப்படி குட்டிக்கு 32 ஹிட் பாயிண்ட், புத்தி 12, 40 அடி நீளத்துக்கு மின்னல் மூச்சு. பேசும், கேள்வி கேட்கும், வாக்குவாதம் செய்யும். எங்கள் டிஎம் அதற்குக் காசிமேட்டுத் துறைமுகப் பையனின் பேச்சைக் கொடுத்தார். எதிரியின் கப்பலுக்குத் தீ வைக்க நாங்கள் திட்டம் போட்டபோது "இன்னாண்ணா, கப்பல்ல ஆளு இருக்கே, அத்த எப்டி கொளுத்துவ?" என்று அது கேட்டது. அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க அந்த ஒரு கேள்வியிலேயே போனது, நாங்கள் ஆடியதிலேயே சிறந்த இரவு அது. இதை எந்த டிரேக்கும் தந்திருக்காது.

ஆனால் விலை அதிகம். டிஎம் ஏற்கெனவே வில்லன், ஊர்க்காரர்கள், அரக்கர்கள் எல்லோருக்கும் பேசுகிறார், இப்போது உங்கள் டிராகனுக்கும் அவரே பேச வேண்டும். இரண்டு பேர் வரும் இரவில் சரி, ஆறு பேர் வந்தால் மற்றவர்களின் நேரத்தை அது தின்றுவிடும். அப்புறம் வளர்ச்சி. விதிப்படி ஐந்து வயது வரைதான் குட்டி, ஆறாம் வயதில் இளம் டிராகன். வெண்கலத்துக்கு 32 ஹிட் பாயிண்ட் அப்போது 142 ஆகிவிடும், மற்ற ஆட்டக்காரர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கதைக்குள் ஓரிரு வருஷத்துக்கு மேல் ஓடாது என்று டிஎம் முன்பே முடிவு செய்துகொண்டால் மட்டும் இதில் இறங்குங்கள்.

ஆறு பேர், மூன்று மணி நேரம், புது டிஎம் என்றால் விருப்பப்படி சேரும் அந்தச் சூடோடிராகனைத்தான் எடுக்கச் சொல்வேன். அதையும் நீங்களே நடிக்காதீர்கள், டிஎம்மிடமும் தள்ளாதீர்கள். பக்கத்தில் உட்காரும் ஆட்டக்காரரிடம் கொடுங்கள். சண்டையில் அதை எங்கே நகர்த்துவது என்பது உங்கள் முடிவு, அதற்கு என்ன தோன்றுகிறது என்பது அவர் முடிவு. உங்கள் கேரக்டரோடு அடிக்கடி முட்டிக்கொள்கிற கேரக்டரை ஆடுகிறவராக அவர் இருந்தால் இன்னும் நல்லது.