ஐம்பது வருஷத்துக்கு முந்தைய இறப்புப் பதிவு: சார்பதிவாளர் அலுவலக நகல் சேவை, என் அனுபவம்

முதலில் என் மதிப்பெண்: ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம், எந்தப் பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று சொல்லும் பலகை எங்கேயும் இல்லை. அந்த ஒரு விவரம் தெரியாமல் நான் நாலு மாதத்தையும் மூவாயிரம் ரூபாயையும் விட்டேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கருக்குச் சற்று அதிகமாக நஞ்சை இருக்கிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரில். பெயர் மாற்ற வேண்டுமென்றால் வாரிசுச் சான்று, அதற்கு முதலில் தாத்தாவின் இறப்புச் சான்று. அப்பாவின் சான்று கையில் இருந்தது. 2020இல் இறந்தவர் என்பதால் தமிழகத்தின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்திலிருந்தே எடுத்துவிட்டேன், கியூஆர் குறியீட்டோடு, காசு இல்லாமல், பத்து நிமிஷத்தில். 2018க்குப் பிறகு நடந்த இறப்பு என்றால் நீங்களும் அங்கே தேடுங்கள், இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது.

தாத்தா விஷயம் வேறு. சித்தப்பாவைக் கேட்டேன். "எழுபத்திநாலு. நம்ம ஊர்லதான்" என்றார். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித்தரும் ஒருவர் மூவாயிரம் வாங்கிக்கொண்டு, எங்கள் ஊருக்கு உரிய அலுவலகத்தில் 1974 என்று எழுதிப் போட்டார். மூன்று மாதம் கழித்து வந்தது படிவம் 10, அதாவது இன்மைச் சான்று. அந்த ஆண்டில் அப்படி ஒரு பதிவு இல்லை. அவர் உடனே, "அப்போ ஆர்டிஓ உத்தரவு வாங்கிப் புதுசாப் பதியணும், பதினஞ்சாயிரம் ஆகும்" என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் பதியாமல் விட்ட இறப்பை ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர் உத்தரவின் பேரில் பதியலாம் என்பது உண்மைதான். ஆனால் அது கடைசி வழி. ஏற்கெனவே பதிவாகியிருக்கும் ஒரு இறப்புக்கு அந்த வழியில் போயிருந்தால் ஒரே மனிதருக்கு இரண்டு பதிவு ஆகியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. தெரியாமல் வந்து நிற்கிறவரிடம் இப்படிச் செய்யக் கூடாது.

நல்லவேளையாக அந்த வாரம் பெரிய அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பத்திரண்டு வயது. முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டே சொன்னார்: "ஆனந்த வருஷம், தைப்பூசம் கழிஞ்ச மறுநாள், செவ்வாய்க்கிழமை. எங்க வீட்டுத் திண்ணையிலதான் உசுரு போச்சு. அப்புறம் வண்டி கட்டி உங்க ஊருக்குக் கொண்டுபோனோம்."

இந்தச் சில வாக்கியங்களில் எங்கள் இரண்டு தவறும் வெளியே வந்துவிட்டன. ஆனந்த வருஷம் 1974 சித்திரையில் பிறந்தது. ஆனால் அதன் தை மாதம் வருவது 1975 ஜனவரியில். சித்தப்பா வருஷப் பெயரை நினைவு வைத்து "எழுபத்திநாலு" என்று சொல்லிவிட்டார். மாசி, பங்குனியில் போனவர்களுக்கும் இதே சிக்கல் வரும். பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். தைப்பூசம் 1975 ஜனவரி 27, திங்கட்கிழமை. மறுநாள் 28, செவ்வாய். அத்தை சொன்ன கிழமை அப்படியே பொருந்தியது. திதி கொடுக்கிற வீடுகளில் இறந்த நாள் தொலைவதே இல்லை. ஆங்கிலத் தேதியாகத்தான் யாரும் வைத்திருப்பதில்லை.

இரண்டாவது தவறு இடம். இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் ஏறும். சொந்த ஊரோ, எரித்த ஊரோ கணக்கில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் உயிர் போயிருந்தால் அந்த நகராட்சியிலோ மாநகராட்சியிலோ பாருங்கள். தாத்தா போனது அத்தை ஊரில். அது வேறு தாலுகா, வேறு சார்பதிவாளர் அலுவலகம்.

கிராமத்துப் பழைய பதிவேடுகள் எப்படி அங்கே போகின்றன என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் கிராம முன்சீப்தான் பிறப்பு இறப்பு எழுதுவார். 1980இல் அந்தப் பதவியை ஒழித்து, பிறகு வந்தவர்கள் விஏஓக்கள், அதாவது கிராம நிர்வாக அலுவலர்கள். முன்சீப்பும் விஏஓவும் எழுதிய ஏடுகள் தாலுகா அலுவலகம் வழியாக, நிரந்தரமாக வைத்துக் காக்க சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். ஊர்க்காரர்கள் பத்திர ஆபீஸ் என்று சொல்கிறோமே, அதேதான். நிலப் பத்திரம் பதிகிற இடத்தில் தாத்தாவின் சாவும் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இந்த முறை யாரையும் நடுவில் வைக்கவில்லை. வெள்ளைத்தாளில் நானே எழுதினேன்: பெயர், தகப்பனார் பெயர், இறந்த தேதி, இறந்த ஊர், எனக்கு என்ன உறவு. தேடுதல் கட்டணம் ஆண்டுக் கணக்கில் வாங்குகிறார்கள். எனவே "எழுபதிலிருந்து எண்பது வரை பாருங்கள்" என்று எழுதினால் செலவும் ஏறும், தேடுகிறவரும் சலித்துப்போவார். நான் 1975 ஒன்றை மட்டும் எழுதி, ஜனவரி 28 என்பதைப் பக்கத்திலேயே குறித்திருந்தேன். பதிவுத்துறை இணையதளத்திலும் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. எனக்கு நேரில் போவதே தோதாக இருந்தது.

ஒன்பதாம் நாள் கூப்பிட்டார்கள். எழுத்தர் அம்மா ஒருவர், பெயர் எழுத்து சரிதானா என்று பார்க்க ஏட்டையே என் பக்கம் திருப்பி வைத்தார். ஓரம் செல்லரித்த தாள், ஊதா மை, சாய்ந்த எழுத்து. தாத்தாவின் பெயருக்குப் பின்னால் நாங்கள் இப்போது யாரும் போடாத பட்டப்பெயரும் இருந்தது. வரிசையின் கடைசிக் கட்டம் தகவல் சொன்னவர் கையெழுத்து. வாயால் சொல்லிப் பதிகிறவர் ஏட்டிலேயே பெயரும் இருப்பிடமும் எழுத வேண்டும், எழுதத் தெரியாதவர் ரேகை வைக்க வேண்டும் என்பது சட்டம்.

அங்கே இருந்தது என் அப்பாவின் கையெழுத்து.

அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. நான் பார்த்துப் பழகிய கிறுக்கல் கையெழுத்து அல்ல. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, பள்ளிக்கூட நோட்டில் எழுதுவதுபோல் முழுப் பெயரையும் எழுதியிருந்தார். கடைசிப் புள்ளி மட்டும் மை பரவிப் பெரிதாகியிருந்தது. தகப்பன் போன மூன்றாம் நாள் முன்சீப் வீட்டுக்கு நடந்துபோய் எழுதிவிட்டு வந்திருக்கிறார். இதை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரப்படுத்தாமல் கொஞ்ச நேரம் விட்டார். அதற்காகவே அந்த அலுவலகத்துக்கு இன்னொரு மதிப்பெண் தரலாம்.

நகலில் இறந்த காரணம் இருக்காது. ஏட்டில் எழுதியிருந்தாலும் யாருக்கும் தரும் நகலில் அதைக் காட்டக் கூடாது என்று 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. மறைத்துவிட்டார்கள் என்று சண்டை போடாதீர்கள். அதே பிரிவின்படி, கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் தேடச் சொல்லிக் கேட்கலாம். "நீ யார்?" என்று யாராவது விரட்டினால் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

தேதி சொல்ல அத்தை போல ஒருவர் இல்லாத வீடுகளில் என்ன செய்வது? கருமாதிப் பத்திரிகையைத் தேடுங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு கிடக்கும். தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை, "சிவலோக பதவி அடைந்தார்" என்ற வரி, மகன் மருமகன் பெயர்கள் எல்லாம் ஒரே அட்டையில் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயிலின் அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள். நகரத்தில் வாழ்ந்தவர் என்றால் நாளிதழில் "காலமானார்" அறிவிப்பு வந்திருக்கலாம். பழைய நாளிதழ்களுக்குச் சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. நாட்டில் அச்சாகும் நூல்களும் நாளிதழ்களும் சட்டப்படி போய்ச்சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. அங்கேயும் மாதமாவது தெரிந்தால்தான் நடக்கும். ஒரு வருஷத் தொகுப்பை மொத்தமாகப் புரட்ட முடியாது.

இந்த விஷயத்தில் ஈழத் தமிழர்களின் மரண அறிவித்தல்களைப் பார்த்து நான் ஏங்கியதுண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், இன்னாரின் மகன், இன்னாரின் சகோதரர் என்று ஒரு குடும்ப மரமே அதில் இருக்கும். நம் பக்கத்துக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் படம் பெரிதாக இருக்கும். நாலு மழையில் அதுவும் கரைந்துவிடும். ஒட்டுவதற்கு முன் ஒன்றை மடித்துப் பெட்டியில் வையுங்கள்.

நகல் வந்த பிறகு ஒரு சின்னச் சிக்கல் மிச்சம். பட்டாவில் பட்டப்பெயர் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. இருவரும் ஒருவரே என்று விஏஓவிடம் எழுதி வாங்கி, அதையும் வைத்து வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

திரும்பும்போது அத்தையிடம் அப்பாவின் கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். முறுக்கு டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, "உங்க பாட்டியையும் பாரு. கீலக வருஷம், ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் முந்தி. அது உங்க ஊர்லதான்" என்றார். கீலக ஆடி என்றால் 1968 ஜூலை கடைசி. இப்போதைய சட்டம் நடப்புக்கு வருவதற்கு முன், 1899ஆம் ஆண்டு மதராஸ் சட்டத்தின்படி எழுதிய ஏடு. திங்கட்கிழமை மனுக் கொடுத்திருக்கிறேன்.