நான்கு வாசலில் அறிமுகமற்றவர்கள்: கில்ட் வார்ஸ் 2 குறித்து

ஒரு விளையாட்டு நல்லதா இல்லையா என்பதை அதன் படங்களையோ போர்க்காட்சிகளையோ வைத்து நான் முடிவு செய்வதில்லை. முன்பின் அறியாத ஒருவர் என் பக்கத்தில் வந்து நிற்கும்போது அவரது வருகை எனக்கு மகிழ்ச்சி தருகிறதா, எரிச்சல் தருகிறதா என்பதைத்தான் பார்க்கிறேன். இந்தக் கேள்விக்கு, நான் ஆடிப் பார்த்தவற்றுள் மிகத் தெளிவான விடையைத் தந்தது கில்ட் வார்ஸ் 2. அமெரிக்காவின் அரீனாநெட் நிறுவனம் உருவாக்கி 2012 ஆகஸ்ட் 28 அன்று வெளிவந்த, பலர் ஒரே உலகில் சேர்ந்து ஆடும் பழைய இணைய விளையாட்டு இது. மாதச் சந்தா கிடையாது. 2015 முதல் அடிப்படை ஆட்டம் இலவசம். மதுரை திருநகரில், கல்லூரி நூலக வேலை முடிந்து, சமையற்கட்டை ஒதுக்கிவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் மடிக்கணினியைத் திறக்கும் ஒரு பெண்ணின் பார்வையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு அறிமுகமில்லாதவர்களோடு அணி சேர்வது என்றால் கைப்பேசித் துப்பாக்கி விளையாட்டுதான். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது, 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பு வந்தது, இரண்டும் தெருமுனைப் பேச்சாக இருந்த காலத்தில் நானும் அந்த வகை ஆட்டம் ஒன்றில் இறங்கினேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. மூன்றாம் நாள், எதிரி எந்தப் பக்கம் இருக்கிறான் என்று சொல்வதற்காக ஒரே ஒருமுறை மைக்கைத் திறந்தேன். என் குரலைக் கேட்டதும் அணியிலிருந்த மற்ற மூவரும் எதிரியை மறந்துவிட்டார்கள். அதன்பின் அவர்கள் பேசியதை இங்கே எழுத மாட்டேன். மைக்கை மூடினேன், மறுநாள் விளையாட்டையே நீக்கினேன். தெரியாதவர்களோடு ஆடுவதே தவறு என்று அதன்பின் ஓராண்டு நம்பியிருந்தேன். தவறு அதில் மட்டும் இல்லை, விளையாட்டை அமைக்கும் விதத்திலும் இருக்கிறது என்பதைக் கில்ட் வார்ஸ் 2 தான் எனக்குப் புரியவைத்தது.

இதன் அடிப்படை விதி மிக எளியது: இன்னொருவர் வந்தால் எனக்கு எதுவும் குறையாது. பழைய இணைய விளையாட்டுகள் பலவற்றில் பாறையிலிருக்கும் தாதுவை முதலில் தொட்டவர் எடுத்துக்கொள்வார். அரக்கனை முதலில் அடித்தவருக்கே பரிசு. குழாயடியில் ஒரு குடம் முந்தினால் அடுத்த குடம் காத்திருக்க வேண்டியதைப் போன்றது அது. அங்கே சண்டை வருவதற்கு மனிதர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கில்ட் வார்ஸ் 2இல் அந்தக் குழாய் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தண்ணீர் விடுகிறது. ஒரே தாதுப் பாறையை நான் வெட்டிய பின்னும் அடுத்தவருக்கு அது முழுசாக இருக்கிறது. ஓர் எதிரியை ஆறு பேர் சேர்ந்து அடித்தால், போதிய அளவு பங்கெடுத்த ஆறு பேருக்கும் தனித்தனிப் பரிசு. அணியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை, அனுமதி கேட்க வேண்டியதில்லை. அருகில் நின்று உதவினால் போதும்.

இதோடு இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஆடுபவர் எட்டக்கூடிய உச்ச நிலை 80. ஆனால் 80ஆம் நிலையில் இருப்பவர் தொடக்கநிலைப் பகுதிக்குள் வந்தால் அவரது வலிமை அந்தப் பகுதிக்கு ஏற்றபடி இறக்கப்படுகிறது. ஆகவே பத்தாண்டு ஆடியவரும் நேற்று சேர்ந்தவரும் ஒரே களத்தில் பயனுள்ளவர்களாக நிற்க முடிகிறது. இதை நான் உணர்ந்த இடம் குவீன்ஸ்டேல் என்ற முதல் பகுதியின் சதுப்பு நிலம். அங்கே ஷேடோ பெஹமாத் என்னும் பூதம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழும். நம் கடிகாரப்படி இரவு 9.15 அதில் ஒரு வேளை. முதல் வாரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நேராக அதன் கைக்கு அடியில் போய் நின்று விழுந்தேன். இந்த விளையாட்டில் விழுந்தவுடன் சாவதில்லை; தரையில் கிடந்தபடி சிறிது நேரம் போராடலாம், அதற்குள் யார் வேண்டுமானாலும் வந்து தூக்கிவிடலாம். சுற்றிலும் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். அவர்களில் இருவர் பூதத்தை அடிப்பதை நிறுத்திவிட்டு என் அருகே குனிந்தார்கள். என் உயிர்க்கோடு வேகமாக ஏறியது. எழுந்தேன். ஒருவர் தலைவணங்கும் அசைவு ஒன்றைச் செய்துவிட்டு ஓடிப்போனார். ஒரு சொல்லும் பேசவில்லை. தூக்கிவிட்டவருக்கும் சிறிதளவு அனுபவப் புள்ளி கிடைக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதனால் அந்த உதவியின் மதிப்பு எனக்குக் குறைந்துவிடவில்லை.

2009 டிசம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இன்னொரு இணைய விளையாட்டில் வேறு வேறு சர்வர்களில் இருக்கும் ஐவரைத் தானாகவே சேர்த்துவிடும் வசதி வந்தது. அதற்கு முன் ஆள் வேண்டுமென்று சாட்டில் நெடுநேரம் கூவிக்கொண்டிருக்க வேண்டும். காத்திருப்பு குறைந்தது, ஆனால் மீண்டும் சந்திக்கப் போவதே இல்லை என்ற எண்ணத்தில் ஆட்கள் மரியாதை பாராமல் நடந்துகொள்ளவும் அது வழிவிட்டது என்ற மனக்குறை அதை ஆடியவர்களிடம் இன்றும் உண்டு. கில்ட் வார்ஸ் 2இலும் அறிவிப்புப் பலகை போன்ற ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஆளே தன் கையால் எழுதி, ஆளே பார்த்துச் சேர்கிறார். இந்தச் சிறிய வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது. இன்ன வேலைக்கு, இன்ன மனநிலையில், இத்தனை பேர் தேவை என்று ஒரு மனிதர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

இனி, எதற்காக இந்த விளையாட்டை நான் பரிந்துரைக்கிறேனோ அதைச் சொல்கிறேன். 2015 அக்டோபரில் வந்த ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் என்ற, விலைக்கு வாங்க வேண்டிய முதல் விரிவாக்கத்தில் ஆரிக் பேசின் என்ற காட்டுப்பகுதி இருக்கிறது. அதன் நடுவே தாரிர் என்ற பொன்னிற நகரம். அந்த நகரத்துக்குக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நான்கு வாசல்கள். நான்கு கோபுரங்களையும் திசையை வைத்தே அழைத்து வளர்ந்த மதுரைக்காரிக்கு அந்த வரைபடத்தைப் பார்த்ததும் வழி பிடிபட்டுவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நமக்கு இரவு பத்தரை மணி அளவில் வருவதையும் சேர்த்து, ஒவ்வொரு வாசலிலும் ஆக்டோவைன் என்னும் பெருங்கொடி ஒன்று முளைக்கிறது. நான்கையும் மிக நெருங்கிய இடைவெளியில் கொல்ல வேண்டும். ஒன்று பிந்தினால் முன்பு வெட்டியது மறுபடி உயிர்பெற்றுவிடும். ஒரு வாசலில் நிற்பவருக்கு மற்ற மூன்று வாசல்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கொடிக்கும் மீதமுள்ள உயிர் எத்தனை சதவீதம் என்று சாட்டில் எண்கள் ஓடுகின்றன: கிழக்கு 30, வடக்கு 25, தெற்கு 10, மேற்கு 60.

தெற்கு பத்தைத் தொட்டதும் நான் இருந்த கூட்டம் அடிப்பதை நிறுத்தியது. அதுதான் எனக்கு வியப்பு. இன்னும் பத்து அடி அடித்தால் எங்கள் கொடி விழுந்துவிடும். ஆனால் மேற்கு வாசலில் யாரோ சிலர் திணறிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் முடிக்கும்வரை நாங்கள் ஆயுதத்தைத் தாழ்த்தி நிற்க வேண்டும். இருபதுக்கு மேற்பட்ட முன்பின் தெரியாத மனிதர்கள், கண்ணில் படாத வேறு சிலருக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். புதிதாக வந்த ஒருவர் மட்டும் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் திட்டவில்லை, ‘பொறுங்கள், மேற்குக்காகக் காத்திருக்கிறோம்’ என்று ஆங்கிலத்தில் ஒருவர் எழுதினார். நான் வழக்கப்படி ‘சரி சரி’ என்று ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டேன். சில நொடிகளில் எனக்குத் தனிச் செய்தி வந்தது.

“அண்ணே, தமிழா?”

“ஆமா. மதுரை, திருநகர்.”

“அட, நம்ம ஊரா! நான் உசிலம்பட்டிண்ணே. இப்ப ஜெர்மனில இருக்கேன்.”

“தம்பி, அண்ணன் இல்ல, அக்கா.”

சற்று நேரம் பதில் இல்லை. நான் மைக்கைத் திறந்த அந்தப் பழைய நாள் நினைவுக்கு வந்தது. பிறகு எழுத்து ஓடியது: “மன்னிச்சுக்கங்க அக்கா. மேற்கு வாசல்ல ஆள் பத்தல, வர்றீங்களா?”

போனேன். பாதி வழியில் எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. மடிக்கணினி மின்கலத்தில் ஓடியது, மோடம் அணைந்தது. மறுபடி இணைப்பு வந்தபோது விளையாட்டு என்னை அதே ஆரிக் பேசினின் வேறொரு பிரதிக்குள் இறக்கியிருந்தது; பகுதி நிறையும்போது இப்படித் தனித்தனிப் பிரதிகள் திறப்பது இதன் வழக்கம். ஆனால் நான் ஸ்குவாடில் இருந்ததால், அந்தத் தம்பியின் பெயர்மீது வலப்பக்கச் சுட்டியை அழுத்தி அவர் இருந்த பிரதிக்கே சென்றுவிட முடிந்தது. ஸ்குவாட் என்பது ஐம்பது பேர்வரை சேரக்கூடிய குழு. தலைக்கு மேல் நிறச்சின்னம் தாங்கிய கமாண்டர் அதை நடத்துவார். குழு சேர்வதற்கு இப்படி நடைமுறைப் பயனும் இருப்பது நல்ல வடிவமைப்பு. மேற்குக் கொடி விழ, அடுத்தடுத்து மற்ற மூன்றும் விழுந்தன. நகரத்தின் அடியிலுள்ள பெட்டகங்களை நோக்கி நான்கு திசையிலிருந்தும் கூட்டம் ஓடியது.

இந்த விளையாட்டுக்குள் குரல் வழிப் பேசும் வசதி இல்லை. அதைக் குறை என்று எழுதுவோர் உண்டு. நான் அதை வரம் என்பேன். கமாண்டர்கள் சிலர் டிஸ்கார்ட் என்ற தனிச் செயலியில் பேசுவார்கள். அங்கேயும் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் போதும். எழுத்தில் தொல்லை தருபவரைத் தடுக்கவும் புகாரளிக்கவும் அவர் பெயர்மீதே வழி இருக்கிறது. பெண் என்று எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பதை நானே தீர்மானிக்கிறேன். ஒரு விளையாட்டில் எனக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த உரிமைதான்.

குறைகளும் உண்டு. பேசாமலே எல்லாம் நடந்துவிடுவதால், ஐம்பது பேரோடு ஓர் இரவு முழுக்க ஆடிவிட்டு ஒரு பெயரைக்கூட நினைவில் வைக்காமல் எழுந்துவிட முடியும். நட்பு வேண்டுமென்றால் கில்ட் என்னும் நிலையான குழுவில் சேர வேண்டும். நல்ல வேளையாக ஒரே நேரத்தில் பல கில்டுகளில் இருக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து கடினமான எதிரிகளோடு மோதும் ரெய்டு வகை ஆட்டங்களில் கதவு குறுகல். முன்பே வென்றதற்குச் சான்று காட்டு என்ற அறிவிப்புகள் அங்கே நிறைய. வென்றால்தான் சேர்ப்போம் என்றால் புதியவர் எப்படி வெல்வார் என்ற கேள்விக்கு விளையாட்டிடம் விடை இல்லை. கற்றுத்தருவதற்கென்றே இருக்கும் கில்டுகளைத் தேடித்தான் போக வேண்டும். ஆப்பிள் பழச் சின்னம் தாங்கிய வழிகாட்டிகளைக் கண்டால் தயங்காமல் கேளுங்கள். கேள்வி கேட்கலாம் என்பதற்கு அடையாளமாகத்தான் அந்தச் சின்னம்.

இலவசக் கணக்கில் ஒரு பகுதி முழுவதற்கும் கேட்கும்படி சாட்டில் எழுத முடியாது. விளம்பரத் தொல்லையைத் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடு என்றாலும், மற்றவர்களோடு பழகுவதற்காகவே வருபவருக்கு முதல் அனுபவம் வாய்கட்டியதாக ஆகிவிடுகிறது. விண்டோஸ் கணினி வேண்டும். கைப்பேசியில் ஆட முடியாது. 60 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும் என்பதால் இரவில் பதிவிறக்கத்துக்குப் போட்டுவிட்டுத் தூங்குங்கள். இந்தியாவில் சர்வர் இல்லை. என் வீட்டிலிருந்து ஐரோப்பிய சர்வருக்குப் பிங், அதாவது தகவல் அங்கே போய்த் திரும்ப ஆகும் நேரம், பெரும்பாலும் 170 முதல் 200 மில்லி நொடி. திறந்தவெளிச் சண்டைகளில் அது தெரிவதில்லை, ஆளோடு ஆள் மோதும் ஆட்டத்தில் நன்றாகவே தெரியும்.

கணக்குத் தொடங்கும்போது அமெரிக்காவா ஐரோப்பாவா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இரண்டு பக்கத்தாரும் ஒன்றாக ஆட முடியாது என்பதால் அங்கேயே கவனமாக இருங்கள். மதுரையிலிருந்து ஆடுபவர் ஐரோப்பாவைத் தேர்ந்தெடுப்பதே நல்லது, ஏனென்றால் நமக்கு இரவு பத்தரை ஆகும்போது அங்கே மாலைப் பொழுது, ஆட்கள் வேலை முடிந்து வந்து சேரும் நேரம். முதலில் இலவசமாக குவீன்ஸ்டேலில் ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். பிடித்திருந்தால் தள்ளுபடிக் காலம் வரும்வரை காத்திருந்து ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் அடங்கிய தொகுப்பை வாங்குங்கள். நான் பார்த்தவரை தாரிரில் பெரும்பாலும் மேற்கு வாசலில்தான் ஆள் குறைகிறது. அங்கே போய் நில்லுங்கள்.