பழைய ரேடியோ காயிலுக்கு எந்த மெழுகு: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கிடைப்பவை

வால்வு ரேடியோவின் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) மெழுகு பூசுவது இரண்டு காரணங்களுக்காக: காற்றின் ஈரம் ஏறக்கூடாது, கம்பிச் சுற்று இடம் நகரக்கூடாது. எந்த மெழுகு என்பதை வெப்பமும் அமிலமும் முடிவு செய்கின்றன. தருமபுரியில் சித்திரை வெயிலில் நிழலிலேயே 38, 39 டிகிரி தொடும். அதன் மேல் ரெக்டிஃபையர் வால்வின் (மின்சாரத்தை ஒரே திசையில் ஓட வைக்கும் வால்வு) சூடும் சேர்ந்தால் சேசிஸுக்குள் (செட்டின் உலோகச் சட்டம்) 60 டிகிரி பெரிய விஷயமே இல்லை.

மளிகைக் கடை மெழுகுவர்த்தியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வர்த்தி விறைப்பாக நிற்க ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். அது செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பூக்க வைக்கும். ஊசி முனை கனமுள்ள கம்பி ஒரு மழைக்காலத்திலேயே அறுந்துபோகலாம். நிறமும் வாசனையும் சேர்த்த வர்த்தி இன்னும் மோசம்.

மெழுகுவர்த்தி செய்பவர்கள் வாங்கும் பாரஃபின் பாளத்தில் 58/60 என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். உருகுநிலையைக் குறிக்கும் எண் அது. அமிலம் கிடையாது, மின் இழப்பு மிகக் குறைவு, விலையும் மலிவு. குறை என்னவென்றால் ஆறும்போது நன்றாகச் சுருங்கி வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வழியே ஈரம் உள்ளே போகும். சூடான செட்டில் சொட்டவும் செய்யும்.

பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத் தேன்மெழுகு நன்றாக ஒட்டும், வெடிக்காது, 62 முதல் 64 டிகிரியில் உருகும். பழைய செட்டின் தோற்றத்துக்கும் அதுதான் பொருத்தம். ஆனால் அடையிலிருந்து எடுத்ததை அப்படியே பூசினால் காயில் கெட்டது. ஒட்டியிருக்கும் தேன் ஈரத்தை இழுக்கும், மின்சாரத்தையும் கசிய விடும். வெந்நீரில் உருக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஆறவிட்டு, வட்டாக மிதப்பதை எடுத்து அடிப்பக்க அழுக்கைச் சுரண்டுங்கள். இதையே இரண்டு மூன்று தடவை செய்துவிட்டு, கடைசியில் தண்ணீர் இல்லாமல் உருக்கிக் குமிழி அடங்கும்வரை சூட்டிலேயே வையுங்கள். பாரஃபின் கலப்படத்தையும் பார்க்க வேண்டும்: நல்ல தேன்மெழுகை உடைத்தால் முறிவு மங்கலாக, பொடிமணலாக இருக்கும். வழவழவென்று கண்ணாடி போலத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். இயற்கையிலேயே இதில் கொஞ்சம் அமிலம் உண்டு. எனாமல் (கம்பி மேலுள்ள காப்புப் பூச்சு) உரிந்த கம்பிக்கு வேண்டாம்.

எங்கள் தேர்வு மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு, 75 டிகிரிக்கு மேல் உருகும் ரகம். அமிலம் இல்லை, வளைந்து கொடுக்கும், செட்டின் சூட்டுக்கு அசையாது. உள்ளூர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது. ஓசூர்க்காரர்கள் பெங்களூரு கெமிக்கல் கடைகளில் கேட்கலாம், மற்றவர்கள் தபாலில்தான் வரவழைக்க வேண்டும். கட்டுப்படியாகவில்லை என்றால் பாரஃபின் 3 பங்குக்கு இந்த மெழுகு 1 பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள், வெடிப்பு வெகுவாகக் குறையும்.

பூசுவதற்கு முன் காயிலை 60 டிகிரி சூட்டில் சில மணி நேரம் காய வையுங்கள். ஈரத்தோடு முக்கினால் அந்த ஈரத்தை உள்ளே பூட்டியதாகிவிடும். சால்டர் வைத்த இடத்தில் ஃப்ளக்ஸ் மிச்சம் இருந்தால் துடைத்துவிடுங்கள். மெழுகுக் கிண்ணம் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள்தான் இருக்க வேண்டும், நேரடித் தீயில் கூடாது. மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியால் மூடுங்கள். காயிலை முக்கிக் குமிழி நிற்கும்வரை காத்திருந்து, எடுத்து வடியவிடுங்கள். தடிமனாக அப்பினால் பயன் அதிகமாகிவிடாது. பாலிஸ்டைரீன் ஃபார்மர் (காயில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் குழாய்) என்றால் முக்கவே கூடாது, அந்தச் சூட்டில் இளகும். தூரிகையால் மெல்லத் தொட்டு வையுங்கள். ஸ்லக் (காயிலின் நடுவே திருகி நகர்த்தும் ஃபெரைட் துண்டு) திருகும் துளைக்குள் மெழுகு இறங்கிவிட்டால் பிறகு திருக முயலும்போது ஃபெரைட் உடையும், முன்கூட்டியே துளையை அடைத்துவிடுங்கள்.

சுற்றுகளுக்கு இடையே காற்று இருந்த இடத்தில் மெழுகு வருவதால் கெப்பாசிட்டன்ஸ் ஏறி, ஒத்ததிர்வு அதிர்வெண் கீழே இறங்கும். அதனால் ஐ.எஃப்.ஐ (செட்டின் இடைநிலை அதிர்வெண்) 455 கிலோஹெர்ட்ஸுக்கு வைப்பதும் டிரிம்மர் (திருகி மாற்றும் சிறு கெப்பாசிட்டர்) திருகுவதும் மெழுகு முழுதாக ஆறிய பிறகே.