ஆமை பார்க்க ஹிக்கடுவையா, நிலாவெளியா? மலையகத்திலிருந்து இறங்குபவர்களுக்கு

ஆகஸ்ட் லீவுக்கு ஹிக்கடுவை போகலாமா என்று கேட்டால் வேண்டாம், திருகோணமலைப் பக்கம் இருக்கும் நிலாவெளிக்குப் போங்கள் என்பேன். டிசம்பர் என்றால் அப்படியே தலைகீழ். தென்மேற்குப் பருவக்காற்றில் ஹட்டன், நோர்வூட் பக்கம் விடாமல் கொட்டுகிறதே, அந்தக் காற்றுதான் ஹிக்கடுவைக் கடலையும் கலக்கி விடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை அங்கே தண்ணீருக்குள் உருப்படியாக ஒன்றும் தெரியாது. அதே மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாகக் கிடக்கும். வடகீழ்க் காற்று தொடங்கியதும் நிலைமை மாறி, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஹிக்கடுவைக்கு நல்ல காலம். ஹோட்டல் விலையெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஆமை மட்டும் போதும் என்றால் ஹிக்கடுவைக்குத்தான் என் ஓட்டு. சிலிண்டரும் வேண்டாம், படகும் வேண்டாம், இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே பெரிய பச்சை ஆமை பக்கத்தில் வந்துவிடும். தலையை ஒரு கணம் வெளியே நீட்டி, புஸ்ஸென்று மூச்சு விட்டுவிட்டு உடனே உள்ளே போய்விடும். கீழ்த்தாடையின் விளிம்பு ரம்பம் மாதிரி இருப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம், பாசியைக் கடித்து இழுப்பதற்கான தாடை அது. ஆனால் ஆட்கள் பாசியைக் கையில் பிடித்துக் கூப்பிடுவதும், வந்ததும் ஓட்டைத் தடவுவதும் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இலங்கைக்கு வரும் ஐந்து வகைக் கடலாமைகளும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. எட்ட நின்று பார்த்தாலே போதும்.

முருகைக்கற்களை நம்பி மட்டும் ஹிக்கடுவைக்குப் போகாதீர்கள். 1998இல் கடல் சூடேறி வெளிறியதில் பெரும்பகுதி செத்துப் போனது. டைவ் அடிப்பவர்களுக்கு 1903இல் மூழ்கிய எஸ்.எஸ். கொன்ச் என்ற எண்ணெய்க் கப்பல் இருக்கிறது, அது வேறு சுவை.

நிலாவெளியில் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு. வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட், படகுக் கூலி என்று காசு கொஞ்சம் கூடத்தான் போகும். அதற்குப் பதிலாக உயிருள்ள முருகைக்கல், அதைச் சுற்றும் கலர் கலரான மீன்கள், கருப்பு நுனித் துடுப்புள்ள சின்னச் சுறாக்கள் (ஆளைக் கண்டால் அவைதான் ஒதுங்கும்), அதிர்ஷ்டம் இருந்தால் அழுங்காமை. இங்கே ஆமை வரும் என்று உறுதி சொல்ல முடியாது. வார இறுதியில் போனால் மீனை விட மனிதர்களின் காலைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். அதில் பாதிப் பேர் முருகைக்கல் மேலேயே ஏறி நிற்பார்கள்.

சரி, சிலிண்டர் கட்டி ஆழத்துக்கு இறங்கும் ஸ்கூபாவா, குழாயால் மூச்சு விட்டபடி மேலே மிதக்கும் ஸ்நோர்க்கலா? தோட்டத்தில் வளர்ந்த நம்மில் நீச்சல் தெரியாதவர்கள் நிறைய. அவர்களுக்கு லைஃப் ஜாக்கெட்டோடு ஸ்நோர்க்கல்தான் சரி. முதல் தடவை ஸ்கூபா பழகுபவர்களைப் பயிற்றுநர் கூடவே இருந்து 12 மீற்றருக்குள் கூட்டிப் போவார். ஓப்பன் வோட்டர் என்ற ஆரம்ப ஸ்கூபா கோர்ஸ் முடித்தால் 18 மீற்றர் வரை. காது வலிக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கினிகத்தேனை இறக்கத்தில் பஸ்ஸில் காது அடைக்குமே, அதே சங்கதிதான், ஆனால் வேகமாக நடக்கும்: ஹட்டனிலிருந்து கொழும்பு வரை இறங்குவதால் கூடும் அழுத்தம் கடலில் ஒன்றரை மீற்றரிலேயே வந்துவிடும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக்கொண்டே இறங்க வேண்டும், வலித்தால் கொஞ்சம் மேலே வந்துவிட வேண்டும்.

நமக்கு உண்மையான சிக்கல் திரும்பி வரும்போதுதான். சிலிண்டர் காற்றை ஆழத்தில் சுவாசிக்கும்போது உடம்பில் நைதரசன் கரைந்து தங்குகிறது. அது முழுதாக வெளியேறுமுன் அழுத்தம் குறைந்த உயரத்துக்கு ஏறினால் குமிழியாகி, மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். விமானம் ஏறுவதற்கு முன் ஒரு டைவுக்கு 12 மணி நேரம், பல டைவுகளுக்கு 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்வது இதனால்தான். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீற்றர் உயரத்துக்குச் சமம். நுவரெலியாவோ 1,868 மீற்றர்! கரையோரத்துக்காரர் யாரும் இதை யோசிக்கப் போவதில்லை, "வேனில்தானே போகிறீர்கள்" என்று அனுப்பி விடுவார்கள். ஸ்நோர்க்கலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆகவே இரவோடு இரவாக வேன் பிடித்துத் திரும்பும் ட்ரிப் என்றால் ஸ்கூபாவை மறந்துவிடுங்கள்.

 

இந்தக் கணக்கில் திருகோணமலைதான் வசதி. டைவை முதல் நாள் காலையிலேயே முடித்துவிட்டு, அடுத்த நாள் கோணேஸ்வரம், கன்னியா வெந்நீரூற்று என்று வீட்டுப் பெரியவர்களுக்கு விட்டுவிடலாம். நேரம் போதாவிட்டால் ஹபரணையிலோ தம்புள்ளையிலோ ஓர் இரவு தங்கலாம், இரண்டும் தாழ்வான இடங்கள். ஹிக்கடுவையில் டைவ் அடித்தால் அன்றிரவு கரையிலேயே அறை எடுங்கள், மறுநாள் காலி கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாக ஏறலாம்.