தோல் புற்றுநோய்க்கு "கத்தி இல்லாமல் லேசர்" என்றால் நம்பாதீர்கள் – 62,000 ரூபாய் போய்விட்டது

கோபம் அடங்கவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அம்மாவின் இரண்டாவது பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட் நேற்று வந்தது. லேசர் சென்டரில் "முழுசா எடுத்தாச்சு" என்று சொன்ன இடத்தில், தழும்புக்கு அடியில் அதே புற்றுநோய் அப்படியே இருக்கிறது. இதற்குத்தான் 62,000 ரூபாய் கட்டினோம்.

அம்மாவின் மூக்குத்திக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு சின்ன முடிச்சு. ஓரம் மட்டும் மினுமினுக்கும். பொருக்குத் தட்டும், முகம் துடைக்கும்போது பிய்ந்து ரத்தம் வரும், ஆறின மாதிரி இருக்கும், மறுபடி வரும். அரசு மருத்துவமனை தோல் பிரிவில் பயாப்சி எடுத்து, பேசல் செல் கார்சினோமா, அதிலும் முடிச்சாக வளரும் நாடுலர் வகை என்றார்கள். உலகத்தில் அதிகம் பேருக்கு வரும் தோல் புற்றுநோய் இதுதான். மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது அபூர்வம். ஆனால் விட்டுவைத்தால் இருக்கிற இடத்தையே அரித்துக்கொண்டு குருத்தெலும்பு வரை போகும். சுற்றிலும் சில மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி, ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று லேபில் பார்க்க வேண்டும் என்றார் அந்த டாக்டர்.

முகத்தில் கத்தி என்றதும் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போதுதான் தெரிந்தவர்கள் சொல்லி, தோலுக்கும் முடிக்கும் லேசர் செய்யும் ஒரு சென்டருக்குப் போனோம். வெள்ளைக் கோட்டு போட்டவர் அம்மாவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ரிப்போர்ட்டை நீட்டினேன். மேலாகப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். "அம்மா, இதுக்குப் போய் யாராவது மூக்கை வெட்டுவாங்களா? லேசர்ல சுட்டுடலாம், தழும்பே தெரியாது. மூக்குத்தியைக்கூட கழட்ட வேண்டாம்." அந்தக் கடைசி வார்த்தையில் அம்மா முகம் மலர்ந்ததே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பேக்கேஜ் 62,000 ரூபாய், முழுசும் முன்பணம்.

புண் ஆறி, கொஞ்ச நாளில் அதே ஓரத்தில் மறுபடி மினுமினுப்பு. போன் செய்தால் "டாக்டர் ப்ரொசீஜர்ல இருக்காங்க மேடம்." போட்டோ அனுப்பினால் நீல டிக் மட்டும் விழும். நேரில் போனால் "வெயில்ல போனாங்களா? சன்ஸ்கிரீன் ஒழுங்கா போடலையா?" என்று அம்மா மேலேயே பழி. இன்னொரு சிட்டிங் போட்டால் தள்ளுபடி தருவார்களாம்! பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு மேனேஜர் நம்பர் என்று ஒன்று கொடுத்தார்கள். அடித்தால் அதே ரிசப்ஷன் பெண்தான் எடுக்கிறாள். வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தால் "முகப்பொலிவு பேக்கேஜ்" என்று இருக்கிறது. புற்றுநோய் என்ற வார்த்தையே இல்லை. 62,000 ரூபாய்க்கு முகப்பொலிவு!

இப்போது தழும்பு மூடிக்கொண்டதால் கட்டியின் ஓரம் எது என்று பிடிபடவில்லை, முதலில் வெட்டியிருக்க வேண்டியதைவிட அதிகமாக வெட்டி, கன்னத்துத் தோலை இழுத்து மூட வேண்டும் என்கிறார் அறுவை சிகிச்சை டாக்டர்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில. வெட்டாமல் செய்யும் வழிகளும் உண்டு: தோலின் மேல்மட்டத்தில் மட்டும் இருக்கும் வகைக்கு இமிக்விமோட் க்ரீம், அறுவை சிகிச்சை தாங்காத வயதானவர்களுக்குக் கதிர்வீச்சு. மூக்கு, இமை மாதிரி இடங்களில் அடுக்கடுக்காக எடுத்து உடனுக்குடன் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் மோஸ் முறையும் உண்டு. எது என்பதைப் பயாப்சியில் வந்த வகையும் இடமும்தான் முடிவு செய்யும். அந்த ரிப்போர்ட்டைப் படிக்காதவரிடம் உட்காராதீர்கள். மருத்துவக் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள். முழுப் பணத்தை முன்னாடியே கட்டாதீர்கள். பில்லில் நோயின் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லப் போகிறேன், மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநருக்கும் எழுதுகிறேன். இதே மாதிரி இடத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புகாருக்கு வேண்டும்.